வைரக்கல்லை அழுத்தாதீர்கள்

சென்ற மாதம் ஓர் அம்மா, பையொன்றில் கத்தியையும் கல்லையும் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் என் தச்சுப் பட்டறைக்கு வந்தார். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய, கத்தி தீட்டும் வைரக்கல். “தம்பி, மகனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் சவர்க்காரம்போல வழுக்குகிறது” என்றார். தடவிப் பார்த்தேன். நடுப்பகுதி மட்டுமே வழுக்கியது. ஓரங்கள் சொரசொரப்பாகவே இருந்தன. கல் போலியன்று. அம்மாவின் கைப்பலம் அதைத் தின்றிருந்தது.

குசினிப் படியிலும் கிணற்றடிச் சீமெந்து விளிம்பிலும் கத்தி தீட்டிப் பழகியவர்கள் நாம். அங்கே அழுத்தித் தேய்த்தால்தான் கொஞ்சமாவது வேலை நடக்கும். அந்தப் பழக்கம்தான் வைரக்கல்லுக்கு எமன்.

பெயரில்தான் கல். உண்மையில் அது ஓர் உலோகத் தகடு. ஆலையில் செய்த வைரத் துகள்களை அதன்மேல் பரப்பி, நிக்கல் முலாம் பூசி ஒட்ட வைத்திருக்கிறார்கள். (1950களில் ஆய்வுகூடத்தில் வைரம் செய்யக் கற்றுக்கொண்டதால்தான் இது நம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது.) துகள்கள் பெரும்பாலும் ஒரே அடுக்கு. அழுத்தினால் வைரம் தேய்வதைவிட முலாமிலிருந்து பெயர்ந்து விழுவதே அதிகம். கத்தியின் எடையோடு விரல்களின் எடை சேர்ந்தால் போதும். புதுக்கல் முதல் சில நாட்கள் கரகரவென்று கத்தும். துருத்தி நிற்கும் துகள்கள் உதிர்ந்ததும் அடங்கிவிடும்.

வாய் உடைந்த கத்திக்கு 300 அல்லது 400 எண் கல், அன்றாடத் தீட்டலுக்கு 1000 அல்லது 1200. எண் கூடக் கூடத் துகள் நுணுக்கமாகும். கல்லின் அடியில் ஈரத்துணி விரியுங்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அலகு நாலு சென்ரிமீற்றர் அகலமென்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடியுங்கள். ஏறக்குறைய 15 பாகை வரும். அந்த உயரம் மாறாமல் இழுப்பதுதான் முழு வித்தையும்.

பலர் கோட்டை விடுவது பிசிறில். ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் மெல்லிய உலோக மடிப்பு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை வெளியே தள்ளித் தடவினால் நகத்தில் தட்டும். வாயின் நீளத்துக்கு ஒருபோதும் தடவாதீர்கள். நுனிமுதல் அடிவரை பிசிறு எழுந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். கடைசியில் இருபக்கமும் மாறி மாறி, இறகால் வருடுவதுபோல நாலைந்து இழுப்பு. பிசிறை விட்டுவைத்த கத்தி முதல் வெங்காயத்தில் மினுக்கிவிட்டு மூன்றாவதில் மொட்டையாகும். மொட்டைக் கத்தி வழுக்கிக் கையில்தான் இறங்கும்.

உளிக்கு ஒருபக்கச் சரிவுதான், 25 முதல் 30 பாகை. பின்பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படுக்க வைத்துப் பிசிறை எடுங்கள். பனஞ்சலாகை (கூரைக்குப் போடும் பனைமரச் சட்டம்) செதுக்கினால் உளி சீக்கிரமே வாய் மழுங்கிவிடும். மரத்தின் இறுகிய பகுதியையும் நாம் வைரம் என்றுதானே சொல்கிறோம்? ஒரு வைரம் மழுக்கியதை இன்னொரு வைரத்தால் தீட்டுகிறேன்.

மின்சாரச் சாணையில் பொறி பறக்கத் தீட்டி வாங்குவோருக்கு ஒரு சொல்: வாயோரம் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் உருக்கு பதமிழந்துவிட்டது. அந்த நீலத்தைத் தாண்டித் தேய்த்தெடுக்கும்வரை கூர் நிற்காது.

நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கல்லை அப்படியே காயவிட்டால் வெள்ளை படியும். பழைய பல்தூரிகையால் கரும்பொடியைக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஓரங்களில் தீட்டக் காட்டி அனுப்பினேன். போன கிழமை மறுபடி வந்தார், வாயில் பல் விழுந்த கத்தியோடு. “என்ன வெட்டினீர்கள்?” என்றேன். பாரை மீன் தலையாம். மீன் தலைக்கு வேறொரு தடித்த கத்தி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதை 25 பாகையில் தீட்டித் தர வேண்டும்.