சாக்லேட்டின் மணம் தோட்டத்திலேயே தொடங்குகிறது

பேக்கிங் வகுப்புக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி: "மேடம், ஃபேர்டிரேட் முத்திரை போட்ட சாக்லேட்டுக்கு எதுக்கு இவ்வளவு விலை? காம்பவுண்ட்லயே கேக் நல்லாத்தானே வருது?"

வரும்தான். ஆனால் காம்பவுண்ட் என்ற மலிவு சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறது. வாயில் மெழுகுபோல ஒட்டுவது அதனால்தான். ஃபேர்டிரேட் என்பது விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதற்கான சான்று முத்திரை. அதன் விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

சாக்லேட்டின் மணம் முழுவதும் ஆலையில் பிறக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தோட்டத்திலேயே தொடங்குகிறது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளில் விளைகிறது. விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். கானாவில் காயை உடைத்து, விதைகளை வெள்ளைச் சதையோடு அள்ளி, வாழையிலையில் குவித்து மூடி, ஆறு நாள் போலப் புளிக்க விடுகிறார்கள். இடையிடையே கிளறிவிட வேண்டும். சதையின் சர்க்கரை முதலில் சாராயமாகும், பிறகு காடியாகும். குவியலுக்குள் சூடு 45 டிகிரியைத் தாண்டும். விதை முளைக்கும் திறனை இழந்து, உள்ளே ஊதா நிறம் மெல்லப் பழுப்பாகும். அதன்பின் வெயிலில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் விதை ஊதாவாகவே நின்றுவிடும். அந்தத் துவர்ப்பை ஆலையில் எவ்வளவு வறுத்தாலும் சரிசெய்ய முடியாது.

இந்தக் கைப்பக்குவத்துக்குக் கிடைக்கும் கூலிதான் வேதனை. 2024-இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோதும், அரசு முன்கூட்டியே நிர்ணயித்த விலைக்கு விற்ற இவர்களுக்கு அந்த ஏற்றத்தில் சிறு பங்குதான் வந்தது. வருமானம் போதாத வீட்டில் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்குகிறார்கள். குழந்தைத் தொழிலாளர் முறையின் மோசமான வடிவங்களை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் கையெழுத்திட்டன. 2020-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கில், இந்த இரு நாடுகளிலும் கோகோ வேலையில் இருந்த குழந்தைகள் சுமார் 15.6 லட்சம். அரிவாளும் பூச்சிமருந்தும் புழங்கும் வேலை அது.

ஃபேர்டிரேட் இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்தபட்ச விலை ஒன்றை உறுதி செய்கிறது. அதற்குமேல் டன்னுக்கு 240 டாலர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள். 1993-இல் கானாவில் தொடங்கிய குவாபா கோகூ சங்கம், 1998-இல் டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் பங்குதாரராகவே நுழைந்தது. விவசாயி முதலாளியாகவும் ஆக முடியும் என்று காட்டியதால் அந்தச் சங்கத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை. வாங்கும்போது முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் உறையின் பின்பக்கத்தையும் படியுங்கள். ஆலையில் சாதாரணக் கோகோவோடு கலந்து, வாங்கிய ஃபேர்டிரேட் கோகோவின் எடைக்கு ஈடான அளவு சாக்லேட்டுக்கு மட்டும் முத்திரை போட்டிருந்தால் அங்கே எழுதியிருப்பார்கள்.

இனி அடுப்படி. 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டில் சுவை அடர்த்தி அதிகம்; பிரவுனிக்குக் காம்பவுண்ட் போடுகிற அளவு வேண்டாம், கால் பங்கு குறைக்கலாம். சர்க்கரையை மட்டும் குறைக்காதீர்கள். டபுள் பாயிலிங்கில், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது, 50 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும், கரண்டி வரை ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷுக்கு, சூடான கிரீமைச் சாக்லேட்டில் ஊற்றியதும் கலக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் பளபளப்பாகச் சேரும். ஏலக்காய், பட்டையெல்லாம் முதல் தடவை வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போட்டுச் சுவைத்துப் பாருங்கள்.