லிகேச்சர் என்பது ரீட் கட்டு: கூட்டெழுத்தும் அன்று, பிணைப்பியும் அன்று

சாக்ஸபோன், கிளாரினெட் ஆகிய கருவிகளின் மவுத்பீஸில், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையில், ரீட் என்னும் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் துண்டு நழுவாதபடி சுற்றிப் பிடித்திருக்கும் வளையத்தை ஆங்கிலத்தில் லிகேச்சர் என்பார்கள். இதை விற்பவர்களின் தமிழ் விவரக் குறிப்புகளில் 'கூட்டெழுத்து' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்கிறது. தோலால் ஆன கூட்டெழுத்து, இரண்டு திருகு உள்ள கூட்டெழுத்து, கிளாரினெட்டுக்குப் பொருந்தும் கூட்டெழுத்து என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். க்ஷ, ஸ்ரீ போன்றவற்றைத்தான் தமிழில் கூட்டெழுத்து என்கிறோம். அச்சுத்தொழிலில் இரண்டு எழுத்துகள் ஒன்றாக வார்க்கப்பட்ட உருவுக்கும் ஆங்கிலத்தில் லிகேச்சர் என்றே பெயர் இருப்பதால், அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் பொருளின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தாலும் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அதிலிருந்து 'லிகாதூரா' வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அறுவை மருத்துவத்தில் குருதிக்குழாயைக் கட்டும் நூலும், அச்சில் சேர்ந்து நிற்கும் எழுத்துகளும், பழைய ஐரோப்பிய இசைக் குறியீட்டில் சேர்த்து எழுதப்பட்ட சுரங்களும் இந்த ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன.

கருவியில் இந்தப் பெயர் ஏறியதற்குக் காரணம், தொடக்கத்தில் அது உண்மையிலேயே ஒரு கயிற்றுக் கட்டாக இருந்ததுதான். பழைய கிளாரினெட்டுகளில் ரீட்டை மவுத்பீஸோடு சேர்த்து நூலால் சுற்றிக் கட்டினார்கள். திருகு வைத்த உலோக வளையத்தைக் கொண்டுவந்த பெருமை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிளாரினெட் கலைஞர் இவான் முல்லருக்குத் தரப்படுகிறது. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன்பே திருகு வந்துவிட்டது. ஆயினும் ஜெர்மானிய மரபில் வாசிக்கும் கிளாரினெட் கலைஞர்கள் பலர் இன்றும் நூலையே சுற்றுகிறார்கள்.

கூட்டெழுத்தை மறுப்பதற்கு அதிகம் உழைக்க வேண்டியதில்லை. கலைச்சொல் ஆக்குபவர்களும் அவர்களைப் பின்பற்றும் சில இசை ஆசிரியர்களும் எழுதும் 'பிணைப்பி' என்ற சொல்தான் அதைவிடத் தொல்லையானது. பார்ப்பதற்கு நல்ல தமிழாக இருப்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. பிணைத்தல் என்பது இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று பிரியாமல் சேர்ப்பது. கைகளைப் பிணைத்துக்கொள்வதும், மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பதும், கடனுக்குப் பிணை நிற்பதும் அந்தப் பொருளில்தான். லிகேச்சரின் வேலை வேறு. மவுத்பீஸ் அசையாத பொருள். ரீட் அதன்மேல் வந்து அமர்ந்து, வாசிப்பு முடிந்ததும் எடுக்கப்பட்டு, துடைத்து உறையில் வைக்கப்படும் பொருள். ஒன்றின்மேல் இன்னொன்றைத் தற்காலிகமாக இருத்தி, வேண்டியபோது அவிழ்ப்பதற்குத் தமிழில் கட்டுதல் என்று பெயர். கட்டியதை அவிழ்க்கலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிணைப்பில் அது இல்லை.

இந்த வேறுபாட்டைச் சொற்பொறுக்கிகளின் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் கருவியின் ஒலியே இதில் அடங்கியிருக்கிறது. ரீட்டை வாயில் நனைத்து, அதன் தட்டையான முகத்தை மவுத்பீஸின் மேசை போன்ற பரப்பில் வைத்து, இரண்டின் நுனிகளும் ஒரே கோட்டில் வருமாறு விரலால் நகர்த்திய பிறகு வளையத்தை மேலிருந்து இறக்கித் திருகை முடுக்குகிறோம். திருகு சற்றே தடை காட்டும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரீட்டின் பட்டைமேல் உலோகத்தின் விளிம்பு இரண்டு கோடுகளாகப் பதிந்துவிடுகிறது. நுனி அதிர்வதற்கு இடமில்லாமல் மேல்ஸ்தாயி நெரிபட்டு ஒலிக்கிறது. ரீட் அசையவும் கூடாது, அதே நேரத்தில் அதிரவும் வேண்டும். பிணைப்பி என்று கற்றுக்கொண்ட மாணவன் நன்றாகப் பிணைக்க வேண்டும் என்றே நினைப்பான். திருகை அதன் எல்லை வரை கொண்டுபோவான். 'கட்டைக் கொஞ்சம் தளர்த்து' என்று ஆசிரியர் சொன்னால் எந்த விளக்கமும் இல்லாமல் அவனுக்குப் புரியும். 'பிணைப்பியைத் தளர்த்து' என்று எந்த ஆசிரியரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. வகுப்பில் சொல்ல வராத சொல்லைப் புத்தகத்தில் மட்டும் அச்சிடுவதால் யாருக்குப் பயன்?

'-பி' என்று முடியும் ஆக்கங்கள்மேல் எனக்குப் பொதுவாகவே மனத்தாங்கல் உண்டு. ஒரு வினையை எடுத்து அதன் வாலில் இந்த விகுதியை மாட்டினால் கலைச்சொல் பிறந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நூறு சொல்லை ஒரே அச்சில் வார்ப்பதைவிட, கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களிடமும், கல்யாண ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டுக்காரர்களிடமும் போய் அந்தப் பொருளை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒருநாள் பார்ப்பது நல்லது. அவர்கள் லிகேச்சர் என்றே சொல்கிறார்கள். லிகேச்சர் என்று தமிழ் எழுத்தில் எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல். ஆனால் தமிழில் சொல்ல வழி இருக்கும்போது அதைத் தேடுவது கடமை என்றே கருதுகிறேன்.

மரபிலிருந்து எடுக்கலாமே என்று சிலர் 'தளை'யை முன்வைக்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் யாப்பில் தளை என்பது ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் சேர்வது. இசைக் குறியீட்டில் சுரங்களைச் சேர்க்கும் லிகேச்சருக்கு அது பொருத்தமாக அமையும், கருவியின் வளையத்துக்கு அமையாது. 'பூண்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். உலக்கைக்குப் போடும் பூண் வடிவத்தில் இதை ஒத்திருக்கிறது என்றாலும், அடித்து ஏற்றிய பூணைத் தினமும் கழற்றுவதில்லை. ரீட்டை நாக்கு எனக் கொண்டு 'நாக்குக் கட்டு' என்றால் பேச்சு வராத நிலையையோ மந்திரக் கட்டையோதான் படிப்பவர் நினைப்பார்.

மிகவும் வலுவான போட்டி நாகசுரத்திலிருந்து வருகிறது. நாணலில் செய்யும் சீவாளியின் அடியை நூலால் சுற்றிக் கட்டி, அதைக் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயில் செருகி, கெண்டையை உலவு என்னும் நீண்ட குழலின் தலையில் பொருத்துகிறார்கள். அப்படியிருக்க லிகேச்சரைச் 'சீவாளிக் கட்டு' என்று சொன்னால் என்ன என்று கேட்பது நியாயமே. ஆனால் நாகசுரக்காரருக்குச் சீவாளி இரட்டை நாணல். அதன் கட்டு சீவாளியோடேயே பிறந்து அதோடேயே முடிகிறது. சாக்ஸபோனில் ரீட் ஒற்றை. கட்டு தனிப் பொருள். ஒரு கட்டுக்குள் எத்தனையோ ரீட்கள் வந்து போகும். கத்ரி கோபால்நாத் போன்றோரால் சாக்ஸபோன் சென்னை சபாக்களில் நாகசுரம் ஒலித்த அதே மேடைகளில் இடம் பிடித்துவிட்ட பிறகு, ஒரே சொல் இரண்டு கருவிகளில் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பது குழப்பத்துக்கே வழிவகுக்கும்.

ஆகவே 'ரீட் கட்டு' என்பதே என் முடிவு. பாதி ஆங்கிலம் என்று தூயதமிழ் அன்பர்கள் வருந்துவார்கள். ஆனால் பிற மொழிகளும் லத்தீனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயலவில்லை. ஜெர்மானியர் 'ரீட் திருகு' என்ற பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள்; இத்தாலியர் சிறு பட்டை என்கிறார்கள்; ஸ்பானியர் தழுவிப் பிடிப்பது என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். எல்லோரும் கையில் இருக்கும் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். கட்டு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே விறகுக் கட்டு, காயக் கட்டு, வீட்டின் இரண்டாம் கட்டு என்று பல பொருள் இருப்பதும் குறையாகாது. முன்னால் வரும் சொல் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது.

கடையில் கட்டு தேர்ந்தெடுக்கும்போதும் இந்தச் சொல் நன்றாகவே உழைக்கிறது. கருவியோடு வரும் இரட்டைத் திருகு உலோகக் கட்டு, ராவ்னர் நிறுவனத்துத் துணிக் கட்டு, அழுத்துத் தகடு மூன்றை மாற்றி மாற்றிப் போடும் வாண்டோரன் ஆப்டிமம் கட்டு, நூல் கட்டு என்று வகை சொல்லிக் கேட்கலாம். திருகுகள் ரீட்டின் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் வருவதைத் 'தலைகீழ்க் கட்டு' எனலாம். எந்த வகையை வாங்கினாலும் முதலில் அளவைப் பார்க்க வேண்டும்: ஒரே ஆல்டோ சாக்ஸபோனுக்கே ரப்பர் மவுத்பீஸ் பருமனாகவும் உலோக மவுத்பீஸ் மெல்லியதாகவும் இருப்பதால், ஒன்றின் கட்டு மற்றதில் பெரும்பாலும் சேராது. அதனால் மவுத்பீஸைக் கையோடு கொண்டுபோய், ரீட் வைத்து, கட்டை மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். பொருந்தாத விலையுயர்ந்த கட்டைவிட, ரீட்டின் இரண்டு ஓரத்தையும் சமமாகப் பிடிக்கும் மலிவான கட்டு நன்றாக ஒலிக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுதும்போது 'ரீட் கட்டு' என்று பிரித்தே எழுதலாம். இடையில் வல்லினம் மிக வேண்டியதில்லை. 'தோல் கட்டு' என்று மட்டும் எழுதினால் மருத்துவக் குறிப்பு போலத் தோன்றக்கூடும் என்பதால், விற்பனைக் குறிப்பிலும் பாடநூலிலும் முதல் முறை வரும்போது 'தோல் ரீட் கட்டு' என்று முழுமையாகவும், பிறகு வெறுமனே 'கட்டு' என்றும் எழுதுவதே தெளிவு.