லண்டன் மாமா சொன்னது கிளாஸ்கோவுக்குச் சரிவராது

கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு தம்பி எங்கட ஆலோசனை ஒஃபிசுக்கு வந்தவர், அசைலம் (அகதித் தஞ்சம்) கேஸ் ரிஜெக்ட், அப்பீலும் தோத்திட்டுது, புது ஆதாரம் வச்சு திரும்பப் போடலாமோ எண்டு கேக்கத்தான் வந்தவர், ஆனா கதிரையில நேர இருக்க முடியேல்ல அவரால. என்ன தம்பி எண்டா மூண்டு கிழமையா வயித்துக்குத்து, பனடோல் போட்டுப் போட்டு சமாளிச்சுக்கொண்டு இருக்கிறார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல? "லண்டன் ஹரோவில இருக்கிற மாமா சொன்னவர் அக்கா, ரிஜெக்ட் ஆன ஆள் போய்ப் படுத்தா ஆயிரக்கணக்கில பில் வரும், கட்டாட்டி விசா விசயம் பாக்கிற ஹோம் ஒஃபிசுக்கு அறிவிப்பினம் எண்டு."

மாமா பொய் சொல்லேல்ல. இங்கிலாந்தில அது உண்மைதான். கேஸ் தோத்து, ஹோம் ஒஃபிஸ் உதவியும் நிண்டுபோன ஆளுக்கு ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு பில் போடலாம், 500 பவுண்ஸ் கடன் கட்டாமல் கிடந்தா பேந்து விசா கேக்கேக்க அதுவும் வந்து இடிக்கும். ஆனா தம்பி இருக்கிறது கிளாஸ்கோவில. ஸ்கொட்லாந்தில அசைலம் கேட்ட ஆளுக்கு, கேஸ் தோத்தாலும், என்எச்எஸ் எண்ட அரச வைத்தியம் இலவசம், மருந்துச் சீட்டுக்கு 2011ல இருந்து ஒருத்தருமே காசு கட்டுறேல்ல. ஒரே நாடுதானே எண்டு நினைச்சு மூண்டு கிழமை வலியோட கிடந்திருக்கிறார்.

இது ஏன் இப்பிடி எண்டா, 1998ல வந்த ஸ்கொட்லாந்து சட்டத்தில ஒரு அட்டவணை இருக்கு, லண்டன், அதாவது பிரிட்டிஷ் அரசு, தன்ர கையில வச்சிருக்கிற விசயங்கள் மட்டும்தான் அதில எழுதியிருக்கு, அதில இல்லாத எல்லாம் எடின்பரோவுக்கு, அதாவது ஸ்கொட்லாந்து அரசுக்கு. குடிவரவு, அசைலம், குடியுரிமை எல்லாம் அந்த அட்டவணையில இருக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீடு, பிள்ளைகள் பராமரிப்பு, லீகல் எய்ட் (அரச செலவில சட்ட உதவி), பொலிஸ் எல்லாம் அதில இல்ல. அப்ப நீங்க இந்த நாட்டில இருக்கலாமோ எண்டு முடிவெடுக்கிறது லண்டன், இருக்கிற வரைக்கும் எப்பிடி இருக்கிறீங்கள் எண்டதில பெரும் பங்கு எடின்பரோ. எழுதினா ரெண்டு வரி, ஆனா ஒரு மனிசரை இப்பிடி ரெண்டாப் பிரிக்க ஏலாதெண்டபடியா ரெண்டு அரசும் இருபது வருசத்துக்கு மேல இதில இழுபடுகினம்.

உதாரணத்துக்கு வயசுப் பிரச்சினை. தனிய வந்த பெடியன் பதினாறு எண்டு சொல்றான், அதிகாரி முகத்தப் பாத்து இருபத்திமூண்டு எண்டு எழுதிறார். ஸ்கொட்லாந்தில வயசு பாக்கிற வேலை கவுன்சில் சோசல் வேர்க்கர்மாரிட்ட இருந்தது, ஏனெண்டா பிள்ளைகள் விசயம் எடின்பரோவுக்குரியது. 2022ல லண்டன் புதுச் சட்டம் கொண்டுவந்து அதுக்கு தங்கட போர்ட் ஒண்டைப் போட்டுது. எடின்பரோ பார்லிமெண்ட் எங்கட சம்மதம் இல்ல எண்டு வோட் போட்டுது, வேல்சும் அப்பிடியே. லண்டன் சொன்னது, இது குடிவரவு, உங்கட சம்மதமே தேவையில்ல. சட்டம் பாஸ். சம்மதம் கேக்கவேணும் எண்ட வழக்கம் இருக்குத்தான், சட்டத்திலயே எழுதியும் இருக்கு, ஆனா அது அரசியல் வழக்கம், கோர்ட் கட்டாயப்படுத்த ஏலாது எண்டு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லியாச்சு. வட அயர்லாந்தில கதை வேற, லண்டன் கொண்டுவந்த 2023 சட்டவிரோதக் குடியேற்றச் சட்டத்தின்ர சில பகுதிகள் அங்க செல்லாது எண்டு 2024 மேயில பெல்ஃபாஸ்ட் ஹைகோர்ட் சொன்னது, பிரெக்சிட் ஒப்பந்தத்தில வட அயர்லாந்துக்கு மட்டும் இருக்கிற உரிமைப் பாதுகாப்ப வச்சு.

மாமாமாரின்ர பிழை இங்கிலாந்து கதைய இங்க கொண்டுவாறது. மற்றப் பக்கப் பிழையும் இருக்கு, அது இன்னும் ஆபத்து. எடின்பரோ அரசியல்வாதிகள் அகதிகளை வரவேற்கிறம் எண்டு டிவியில சொல்லுவினம், மனசாரத்தான் சொல்லுகினம் எண்டு வைப்பம், உடன வாட்சப்பில "ஸ்கொட்லாந்து தனி விசா குடுக்கப் போகுதாம்" எண்டு வரும். ஒரு ஏஜென்ட் இதைச் சொல்லி ஒரு குடும்பத்திட்ட காசு வாங்கினதை எனக்குத் தெரியும். 2020 ஜனவரியில ஸ்கொட்டிஷ் விசா எண்டு அப்ப ஸ்கொட்லாந்து முதலமைச்சரா இருந்த நிக்கோலா ஸ்டேர்ஜன் ஒரு திட்டம் வெளியிட்டவ, ஹோம் ஒஃபிஸ் அண்டைக்கே ஏலாது எண்டிட்டுது. ஆனா ஏலாது எண்டே இல்ல, முந்தி ஒருக்கா நடந்தது. 2005ல இருந்து 2008 வரைக்கும் ஃப்ரெஷ் டலென்ட் எண்டு ஒண்டு இருந்தது, இங்கத்த யுனிவேர்சிற்றியில படிச்சு முடிச்சவை ரெண்டு வருசம் நிண்டு வேலை செய்யலாம். லண்டனும் சம்மதிச்சு நடந்த விசயம் அது. லண்டன் சம்மதிக்காட்டி எடின்பரோ ஒரு ஸ்டாம்பும் அடிக்க ஏலாது.

கிளாஸ்கோ கென்மியூர் ஸ்ட்ரீட்டில நடந்ததையும் சொல்லுவினம். 2021 மே 13, நோன்புப் பெருநாள் அண்டு, ரெண்டு இந்தியாக்காரரை ஹோம் ஒஃபிஸ் வானில ஏத்த, சனம் சுத்தி நிண்டு விடேல்ல, ஒருத்தர் வானுக்குக் கீழயே போய்ப் படுத்தார், கடைசியில பொலிஸ் ஸ்கொட்லாந்து பொதுப் பாதுகாப்பு எண்டு சொல்லி ஆக்களை இறக்கி விட்டது. எனக்கு அண்டைக்கு கண்ணீரே வந்தது. ஆனா வானில இருந்து இறங்கினது விசா இல்ல, ஃபைல் ஹோம் ஒஃபிசிலதான் கிடக்கும்.

இப்ப வீடு. விசா கிடைச்சாப் பிறகுதான் கனபேருக்கு நடுத்தெரு, ஏனெண்டா அசைலம் வீட்டில இருந்து சில கிழமையிலயே வெளிய போகவேணும். இங்கிலாந்தில சுகதேகியான தனி ஆம்பிளைக்கு கவுன்சில் வீடு பாத்துக் குடுக்கத் தேவையில்ல. ஸ்கொட்லாந்தில 2012 முடிவோட அந்த வித்தியாசத்தை எடுத்திட்டினம், வீடில்லாட்டி தனி ஆளுக்கும் கவுன்சில் பொறுப்பு. 2022 நவம்பரில இருந்து, நீ வேற ஊர் ஆள், அங்க போய்க் கேள் எண்டும் அனுப்ப ஏலாது. அப்ப இங்கிலாந்தில மான்செஸ்டர் அசைலம் ஹொட்டேலில விசா கிடைச்ச பெடியன் பஸ் ஏறி கிளாஸ்கோவுக்கு வாறான், சட்டப்படி அது சரி. லண்டன் ஒரே மூச்சில கன கேசுக்கு முடிவு குடுக்க, செலவு கிளாஸ்கோ தலையில. 2023 நவம்பரில கிளாஸ்கோ கவுன்சில் வீட்டு அவசரநிலை அறிவிச்சதுக்கு சொன்ன காரணங்களில இது முக்கியமானது. அதால உரிமை இருக்கு எண்டு நம்பி பஸ் ஏறுற ஆக்களுக்கு நான் சொல்றது, உரிமை இருக்கு, வீடு இல்ல, மாசக்கணக்கில தற்காலிக அறையில இருக்க ரெடியெண்டா வாங்கோ.

ஒரு பொறியும் இருக்கு. கவுன்சில் தாற கிரைசிஸ் கிராண்ட் (அவசர உதவிக் காசு) எடின்பரோ காசு, ஆனா அது "பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரச உதவி) எண்டு லண்டன் லிஸ்டில இருக்கு. உங்கட விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் எடுக்கக்கூடாது எண்ட தடை இருந்தா, கவுன்சில் ஆள் அன்பாத் தந்தாலும் வாங்கினா விசா நிபந்தனையை மீறினதாப் போகும். சின்னப் பிள்ளை இருக்கிற குடும்பமெண்டா 1995 ஸ்கொட்லாந்து பிள்ளைகள் சட்டம் பிரிவு 22ன் கீழ சோசல் வேர்க் உதவி கேளுங்கோ, அது அந்த லிஸ்டில வராது. எதுக்கும் கையெழுத்து வைக்க முதல் ஒரு ஆலோசகரிட்டக் காட்டுங்கோ.

லீகல் எய்டும் அப்பிடித்தான். இங்கிலாந்தில 2013ல இருந்து அசைலம் அல்லாத இமிகிரேஷன் கேசில முக்கால்வாசிக்கு இல்ல, இங்க குடும்ப கேசுக்கும் கேக்கலாம், வருமானம் பாப்பினம். வாடகைக்கு வீடு குடுக்கிற எங்கட ஆக்களுக்கும் ஒண்டு, விசா செக் பண்ணாட்டி ஃபைன் எண்ட சட்டம் நடைமுறையில இருக்கிறது இங்கிலாந்தில மட்டும், இங்க ஷெயர் கோட் (விசா நிலையைக் காட்டுற ஒன்லைன் இலக்கம்) தா எண்டு வெருட்டாதேங்கோ. ஆனா கேசின்ர உள்ளடக்கம் எங்கயும் ஒண்டுதான், இலங்கைத் தமிழருக்கு 2021ல குடிவரவு அப்பீல் பாக்கிற அப்பர் ட்ரிபியூனல் குடுத்த வழிகாட்டித் தீர்ப்பைத்தான் கிளாஸ்கோ ஜட்ஜும் பாப்பார், இங்க இளகுவினம் எண்டு அட்ரஸ் மாத்தி வந்து பிரயோசனமில்ல.

தம்பிய அண்டைக்கே டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினன், கல்லு. ரெண்டு கிழமையால ஆதாரங்களோட திரும்பி வந்தார், இந்த முறை நேர இருந்தவர். எல்லாம் கேட்டு முடிய, "அக்கா, எடின்பரோ வெளிநாட்டாக்களுக்கும் வோட் குடுத்திருக்காமே, எனக்கும் இருக்கோ?" எண்டார். விசா உள்ள வெளிநாட்டாக்களுக்கு ஸ்கொட்லாந்துத் தேர்தல் வோட் குடுத்த 2020 சட்டம் சூடான், சிரியா ஆக்களுக்குத்தான் பெரிய விசயம், இலங்கை கொமன்வெல்த் எண்டபடியா விசா இருந்தா எங்கட ஆக்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் பார்லிமெண்ட்) வோட்டே முந்தியிருந்து இருக்கு, அதை கனபேர் பதியிறதே இல்ல எண்டு சொன்னன். "விசா இருந்தா" எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு, ஃபைலை என்ர பக்கம் தள்ளி விட்டார்.