பெரிய ஸ்கிம்மர் ஏன் நுரைப்பதில்லை?

"80 லிட்டர் ரீஃப் டேங்க் வைத்திருக்கிறேன். 400 லிட்டருக்கான புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கினால் தண்ணீர் இன்னும் சுத்தமாக இருக்கும்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்காது. ஏன் என்று புரிய, குமிழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ரீஃப் டேங்க் என்பது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி; அதன் நீரில் காற்றுக் குமிழிகளைக் கலந்து, அழுக்கை நுரையாக வெளியேற்றும் கருவிதான் ஸ்கிம்மர்.

மீன் கழிவு, மிஞ்சிய தீனி, பவளம் சுரக்கும் கோழை எல்லாம் தண்ணீரில் கரைகின்றன. இவற்றிலுள்ள புரதம், கொழுப்பு மூலக்கூறுகள் பலவற்றில் ஒரு பகுதி நீரோடு ஒட்டும், இன்னொரு பகுதி ஒட்டாது. சோப்புக்கும் இதே குணம்தான், பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒட்டாத பகுதி காற்றைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்படிக் குமிழியின் பரப்பில் ஏறிய அழுக்கு, நுரையோடு ஸ்கிம்மரின் கழுத்தைத் தாண்டிக் கோப்பையில் விழுகிறது.

ஆகவே பரப்புதான் முக்கியம். ஒரு லிட்டர் காற்றை 1 செ.மீ. விட்டமுள்ள குமிழிகளாக்கினால் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டர், 1 மி.மீ. ஆக்கினால் 6 சதுர மீட்டர். பம்பின் சுழலியில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருப்பது காற்றைப் பொடியாக்கத்தான்.

சரி, இதையே நன்னீர்த் தொட்டியில் வைத்தால் ஏன் சொதப்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நன்னீரில் இரண்டு குமிழிகள் மோதினால் நடுவிலுள்ள நீர்ப்படலம் சட்டென்று வடிந்து உடையும். இரண்டும் ஒன்றாகிப் பெருத்து, விறுவிறுவென்று மேலே போய்விடும். கடல்நீரிலோ அவை பெரும்பாலும் மோதிவிட்டு விலகிவிடுகின்றன. இத்தனைக்கும் உப்பு, சோப்பைப் போலப் பரப்பில் போய் உட்காருவதில்லை. பரப்பு இழுவிசையைக் குறைப்பதும் இல்லை, சற்றே கூட்டத்தான் செய்கிறது. எல்லா உப்புக்கும் இந்தத் திறமை கிடையாது. எந்த நேர் அயனி எந்த எதிர் அயனியோடு ஜோடி சேர்கிறது என்பதைப் பொறுத்தது என்று 1993-இல் கிரெய்க், நின்ஹாம், பாஷ்லி ஆகியோர் காட்டினார்கள். ஏன் அப்படி என்பதற்கு எல்லோரும் ஏற்ற விளக்கம் இன்னும் வரவில்லை. குமிழி ஆராய்ச்சிக்கெல்லாம் பணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. செம்புத் தாதுவைப் பிரிப்பதே குமிழியை நம்பித்தான் என்பதை அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

இனி கழுத்துக்கு வருவோம். மேலே ஏறும் நுரையிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். மெலிந்துபோகும் படலத்தை உடையாமல் தாங்குவது அந்த அழுக்குப் புரதமேதான். பெரிய ஸ்கிம்மருக்குக் கழுத்து அகலம். அதை நிரப்ப நிறையப் புரதம் வேண்டும். 80 லிட்டரில் இரண்டு சின்ன மீன்கள் தரும் அழுக்கு அதற்குப் போதாது. நுரை பாதி வழியிலேயே உடைந்து, அழுக்கு திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கல், மணல் போக மிஞ்சும் நீரையும் மீன்களின் எண்ணிக்கையையும் பார்த்து, 100 முதல் 150 லிட்டர் என்று போட்டதை எடுத்தால் போதும் என்பது என் கணிப்பு. அதைவிட முக்கியம், சம்ப்பில் (கருவிகளை வைக்கும் துணைத் தொட்டியில்) நீர்மட்டம் ஏறி இறங்காத தடுப்பறையில் வைப்பது. மட்டம் மாறினால் நுரையின் உயரமும் மாறும். சம்ப் இல்லையென்றால் தொட்டியின் பின்பக்கம் மாட்டும் வகை இருக்கிறது.

விலை கூடினால் வேலையும் கூடும் என்று நினைக்க வேண்டாம். கென் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்க வேதியியலாளர் பல ஸ்கிம்மர்களைச் சோதித்தபோது, நீரில் அளக்க முடிந்த கரிமக் கார்பனில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவை நீக்கின. ரகத்துக்கு ரகம் பெரிய வேறுபாடும் இல்லை. நைட்ரேட்டாக மாறிவிட்ட கழிவைக் குமிழி தொடவே தொடாது. அதனால் வாரம் 8 லிட்டர் நீர் மாற்றுகிறவர், மீன்கள் குறைவென்றால், ஸ்கிம்மரே இல்லாமலும் சமாளிக்கலாம். அதன் குமிழிகளால் இரவில் கிடைக்கும் கூடுதல் ஆக்சிஜன் மட்டும் கைவிட்டுப்போகும்.

அப்புறம், புது ஸ்கிம்மர் சில நாட்கள் ஒழுங்காக நுரைக்காது. அதற்குள் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பழகிய பிறகும் கழுத்தின் உட்சுவரில் பிசுக்குப் படிந்தால் நுரை ஏறாது; இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடைத்துவிடுங்கள்.