மொனேரோ வாலட்டில் பூஜ்யம் தெரிந்தால்

"சார், 25 சொற்களையும் சரியாகத்தான் போட்டேன், ஆனால் பேலன்ஸ் பூஜ்யம் காட்டுகிறது." மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்துக்கான வாலட் செயலியை, 25 மீட்புச் சொற்களைக் கொடுத்துப் புதிய கைப்பேசியில் மீட்டெடுப்பவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான். அண்மையில் அப்படி வந்தவரின் திரையில், பூஜ்யத்துக்குக் கீழே பொடி எழுத்தில், இன்னும் தேட வேண்டிய பிளாக்குகள் (பரிமாற்றங்களைப் பதிந்த தொகுப்புகள்) 30 லட்சத்துக்கும் மேல் மீதமிருப்பதாக ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. தேடல் முடியும் முன்பே பூஜ்யத்தைப் பெரிதாகக் காட்டுவது செயலியை வடிவமைத்தவர்களின் பிழை என்றே நான் கருதுகிறேன்.

பிட்காயினில் உங்கள் முகவரி பேரேட்டில், அதாவது எல்லாப் பரிமாற்றங்களும் பதியப்படும் பொதுக் கணக்கேட்டில், வெளிப்படையாக இருப்பதால், அதற்கு எவ்வளவு வந்தது என்று ஏதாவதொரு சர்வரைக் கேட்டால் நொடியில் பதில் வந்துவிடும். கேட்டது யார் என்று ஊகிக்கும் வாய்ப்பும் அந்தச் சர்வருக்குக் கிடைத்துவிடும். மொனேரோவில் உங்கள் முகவரி பேரேட்டில் ஏறுவதே இல்லை. பணம் அனுப்புபவரின் வாலட் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஒருமுறைச் சாவியை உருவாக்கி அதன் பேரில்தான் தொகையைப் பதிகிறது. எந்தப் பதிவு யாருடையது என்பது பேரேட்டின் நகலை வைத்திருக்கும் கணினியான நோடுக்கும் தெரியாது என்பதால், உங்கள் வாலட்தான் தன்னிடமுள்ள, வரவுகளைப் பார்க்க மட்டும் உதவும் வியூ கீ என்ற சாவியை வைத்து ஒவ்வொரு பதிவுக்கும் கணக்குப் போட்டு, 'இது நம்முடையதா' என்று சோதித்தாக வேண்டும். ஒரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பதற்கு ஒப்பான வேலை இது.

இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் நாளொன்றுக்குச் சுமார் 720 பிளாக்குகள் சேர்கின்றன. 2022 ஆகஸ்ட் மேம்படுத்தலில் ஒவ்வொரு பதிவுடனும் ஒரு பைட் அளவிலான அடையாளக் குறி சேர்க்கப்பட்டது. அதனால் பிறருடைய பதிவுகளில் 256-க்கு 255-ஐக் கணக்கின் பாதியிலேயே ஒதுக்கிவிட முடிகிறது. அதற்கு முந்தைய பதிவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. வந்தவரோ தொடக்க உயரத்தை, அதாவது எந்தப் பிளாக்கிலிருந்து தேட வேண்டும் என்பதை, குறிப்பிடாமல் விட்டிருந்ததால், வாலட் மொனேரோ தொடங்கிய 2014-இலிருந்தே தேடிக்கொண்டிருந்தது. அவர் முதன்முதலில் மொனேரோ வாங்கிய மாதத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியைக் கொடுத்து மறுபடி ஓடவிட்டோம். அன்று மாலைக்குள் தொகை தெரிந்துவிட்டது.

எனக்குக் கவலையளிப்பது தாமதமன்று, அந்த நேரத்தில் ஏற்படும் பதற்றம்தான். டெலிகிராம் குழுவில் கேள்வி கேட்ட சில நிமிடங்களில் 'உதவி மையம்' என்ற பெயரில் ஒருவர் தனிச்செய்தியில் வந்து, வாலட்டைச் சரிபார்க்க 25 சொற்களையும் அனுப்பச் சொல்வார். அனுப்பினால், எங்கும் போகாமல் பேரேட்டில் பத்திரமாக இருந்த பணம் அப்போதுதான் உண்மையில் போகும். உடனடியாக இருப்பைக் காட்டும் சில சேவைகள் மோசடி அல்ல. ஆனால் உங்கள் வியூ கீயை வாங்கிக்கொண்டு அந்தத் தேடலைத் தங்கள் சர்வரில் செய்வதால்தான் அவற்றுக்கு அந்த வேகம். பணத்தைச் செலவழிக்க அவர்களால் இயலாது என்றாலும், உங்களுக்கு வரும் ஒவ்வொரு தொகையும் அவர்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தே ஏற்பவர்களை நான் தடுப்பதில்லை.

வந்தவரின் தாளில் அந்தச் சொற்களுக்கு அடியில் வாலட் தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதவைத்தே அனுப்பினேன். இப்போது சில வாலட்டுகள் 25 சொற்களுக்குப் பதிலாகத் தரும் 16 மீட்புச் சொற்களில் அந்தத் தேதியும் உள்ளேயே பொதிந்திருப்பதால், தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை.