ரெய்டு இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறாரா?

பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும் ஏற்பாடுதான் ரெய்டு 5. அதைப் போட்ட சர்வரில் ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. இரண்டாவதும் செத்தால் தகவல் போச்சு. கணக்கு மென்பொருள் ஓடும், ஃபைல் திறக்கும். கொஞ்சம் மந்தமாக இருந்தால் "நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பூட்டிய சர்வர் அறைக்குள் ஆரஞ்சு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும்.

"டிஸ்க் போச்சு" என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் போயிருப்பது இரண்டாவது டிஸ்க். முதலாவது எப்போதோ போயிருக்கும். ஓர் அலுவலகத்தில் ரெய்டு கன்ட்ரோலர் (டிஸ்குகளை நிர்வகிக்கும் கார்டு) ஒழுங்காக மெயில் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. என்ன, வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு!

மெயிலை மட்டும் நம்ப முடியாது என்று எஸ்என்எம்பி ட்ராப் வைப்பார்கள். கோளாறு வந்ததும் சாதனமே நெட்வொர்க் வழியாகக் கண்காணிப்பு சர்வருக்கு அனுப்பும் சிறு எச்சரிக்கை அது. சாதாரண ட்ராப் யுடிபி என்ற நெட்வொர்க் முறையில், 162-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவர் கேட்பதே இல்லை. சுவிட்ச் அந்த நேரம் ரீபூட் ஆனால் தகவல் காற்றோடு போச்சு. அதனால் ஜாபிக்ஸ், நாகியோஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளை வைத்து, நாமே சில நிமிடத்துக்கு ஒருமுறை ரெய்டின் நிலையைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதற்கும் அலர்ட் அடிக்க வேண்டும். பல இடங்களில் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். எஸ்என்எம்பி-யில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயரை 'பப்ளிக்' என்றே விட்டுவைப்பது தனிக் கொடுமை. முடிந்தால் பாதுகாப்பு கூடிய எஸ்என்எம்பி வி3-க்கு மாறுங்கள்.

அடுத்தது ஸ்மார்ட், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வசதி. மெகாரெய்டு போன்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்குகளை லினக்ஸ் நேரடியாகப் பார்ப்பதில்லை. அந்தக் குறிப்பைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளிடம் டிவைஸ் வகையையும் டிஸ்க் எண்ணையும் சொன்னால்தான் ஒவ்வொன்றின் விவரமும் கிடைக்கும். 'பாஸ்டு' என்று வந்ததும் திருப்திப்பட வேண்டாம். சாட்டா டிஸ்கில் 5, 197, 198 ஆகிய எண்களின் மூல மதிப்பு (டிஸ்கின் சிறு பகுதிகளான செக்டர்களில் எத்தனை பழுது, எத்தனை சந்தேகம் என்ற கணக்கு) போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் டிஸ்க் நலம் என்றும் அர்த்தமில்லை. கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

செத்த டிஸ்கின் தகவலைப் புது டிஸ்கில் மறுபடி எழுதும் ரீபில்டு நேரம்தான் உண்மையான கண்டம். 16 டெராபைட் டிஸ்கை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். ரெய்டு 5-இல் அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்குகள் முழுவதையும் படித்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத செக்டர் ஒன்று படிக்க முடியாமல் போவது அப்போதுதான் தெரியவரும். இதற்காகத்தான் மாதம் ஒருமுறை முழு வாசிப்புச் சோதனை. டெபியன் லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் அது மாதத்தின் முதல் ஞாயிறு தானாக ஓடும். உங்கள் கன்ட்ரோலரில் ஓடுகிறதா என்று பாருங்கள். சோதனை அலர்ட் அனுப்பும் வசதியும் பெரும்பாலானவற்றில் உண்டு. அதை அழுத்திவிட்டு, யாருடைய போனில் மணி அடிக்கிறது என்றும் பாருங்கள்.

சரி, அலர்ட் வந்துவிட்டது. ஸ்லாட் எண்ணை மட்டும் நம்பி டிஸ்கை உருவாதீர்கள். சில பெட்டிகளில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும், சிலவற்றில் 1-இல். சீரியல் எண்ணை முன்பே எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவையுங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்கின் விளக்கை மினுக்கவிட்டு, சரிபார்த்துவிட்டு அப்புறம் எடுங்கள். நல்ல டிஸ்கை உருவி ரெய்டையே கவிழ்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு.