கூட்டாளியைத் தேடித் தனியாகப் போகும் பிள்ளைகள்

இருட்டின பிறகும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றால், அது எங்கே போயிருக்கும் என்று முதலில் ஊகிப்பது பெரும்பாலும் இன்னொரு பிள்ளைதான். ரியூசனில் பக்கத்தில் இருந்தவன், வட்ஸ்அப்பில் கடைசியாகக் கதைத்தவள். பெரியவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்துக்கொண்டிருக்க, அந்தக் கூட்டாளி சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டிருப்பான். மட்டக்களப்பில் உளவளத்துணை வேலை செய்கிற எனக்கு, காணாமல்போன பிள்ளையைவிட அதைத் தேடிப்போன பிள்ளையை நினைத்துத்தான் சில நேரம் கூடுதல் கவலை வருகிறது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வாவியை ஒட்டிய ஒரு கிராமம். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, கணிதம் சித்தியடையாத ஒரு பையன் தகப்பனிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கிவிட்டான். பின்னேரம் தன் கூட்டாளிக்கு ஒரு மெசேஜ்: "பழைய வீட்டில இருக்கன். ஆருக்கும் சொல்லிப்போடாத." அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

அந்தப் பழைய வீடு ஊருக்கே தெரிந்தது. 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம் திரும்பி வரவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். ஓடு, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வளவு முழுக்கப் பற்றை. முனி இருக்கிறது என்று சொல்லி அந்திபட்டால் யாரும் அந்த ஒழுங்கையால் போகமாட்டார்கள். பெரியவர்கள் வராத இடம் என்பதால்தான் பிள்ளைகள் அங்கே ஒளிக்கிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் போதைத்தூள் அடிக்கிறவர்களும் இப்படியான இடங்களுக்கு வருகிறார்கள்.

16 வயதுக் கூட்டாளி இரவு எட்டு மணிக்கு மேல் தனியாகப் போனான். பயம் என்றால் அப்படியொரு பயம் என்று பிறகு என்னிடம் சொன்னான். போன் டோர்ச்சை ஜன்னல் ஓட்டைகளிலும் கூரை வளை மரத்திலும்தான் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். முனி மேலேதானே இருக்கும்? காலடியை அவன் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மலசலகூடக் குழியின் மூடி உக்கிப்போயிருந்தது. கால் வைத்ததும் உடைந்து உள்ளே போனான். கணுக்கால் எலும்பு முறிந்தது. போன் கைக்கு எட்டாமல் எங்கேயோ விழுந்துவிட்டது.

அவன் கத்தியிருக்கிறான். அடுத்த வளவில் இருந்தவர்களுக்குக் கேட்டும் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து சத்தம் வருகிறது என்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விடியப்புறம் வாவிக்கு வலை இழுக்கப் போன ஒருவர்தான் கேட்டு, கிட்டப்போய்ப் பார்த்துத் தூக்கினார். அவன் தேடிப்போன பையனோ அந்த இரவு வாழைச்சேனையில் சித்தி வீட்டில் படுத்திருந்தான். மெசேஜ் போட்ட கொஞ்ச நேரத்தில் பசி தாங்காமல் பஸ் ஏறிவிட்டான். போனில் சார்ஜ் இல்லை.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவன இன்னும் அடிப்பாங்க மிஸ்." பேய் இருக்கிறதென்று நம்புகிற வீட்டுக்குள்ளேயே போனவன், தன் கூட்டாளியின் தகப்பன் முன்னால் போய் நிற்கப் பயந்திருக்கிறான். பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் கூட்டாளிகளில் ஒருவராவது, "மாமா, இவன் இப்படிச் சொன்னான்" என்று உங்களிடம் வந்து சொல்லக்கூடிய நிலை இருக்கிறதா? தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அந்த அம்மம்மாவின் போனில் பிள்ளையின் கூட்டாளிகளுடைய நம்பர்கள் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தம்பி, தங்கச்சி, இதை வாசிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன். "ஆருக்கும் சொல்லாத" என்பதற்கு நீங்கள் சரி சொல்லியிருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லை மீறுவது துரோகம் இல்லை. தகப்பனுக்குச் சொல்லப் பயமாக இருந்தால் உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள், வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள், கோயில் ஐயா, பள்ளிவாசல், ஃபாதர், நம்பிக்கையான யாருக்காவது சொல்லுங்கள். ஒருவரும் இல்லையென்றால் 1929க்கு எடுங்கள். இலங்கைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது; 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் கதைக்கலாம். தேடிப் போகத்தான் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவரோடு போங்கள். ஆளில்லாத வளவில் பற்றை மூடிய கட்டில்லாக் கிணறு இருக்கும். புடையன் பாம்பு இருக்கும். மாரியில் கிணறு எது, தரை எது என்றே தெரியாது. விழுந்தவரைக் கண்டால் இறங்க வேண்டாம். ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு செய்ய 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்ற கதை எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஊர் முழுக்க நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அந்த நிமிடமே போகலாம். கிட்டிய நிலையத்துக்குப் போங்கள், அல்லது 119க்கு எடுங்கள். அண்மையில் எடுத்த படம், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, போன் நம்பர், கையில் காசு இருந்ததா, யாரோடு கோபம் என்பதையெல்லாம் சொல்லுங்கள். அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை ஏன் போனது என்று தெரிந்தால்தான் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கலாம்.

பொம்பிளைப் பிள்ளை என்றால் பல குடும்பங்கள் "ஊர் கதைக்கும்" என்று ஒரு இரவைக் கடத்திவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். பிள்ளை ஆபத்தில் இருந்தால் அந்த இரவில்தான் காப்பாற்ற முடியும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் இருக்கிறது. பெண் உத்தியோகத்தரோடு கதைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

ஃபேஸ்புக்கில் படம் போடுவதைப் பொலிஸோடு கதைத்த பிறகு முடிவு செய்யுங்கள். போட்டால் பாடசாலைப் பெயர், வீட்டு விலாசம் வேண்டாம். பிள்ளை கிடைத்ததும் படத்தை எடுத்துவிடச் சொல்லிப் பகிர்ந்தவர்களிடம் கேளுங்கள். வேலைக்குப் போகிற வயதிலும் அந்தப் படம் இணையத்தில் கிடந்து அந்தப் பிள்ளையைத் துரத்தும்.

கிடைத்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு கொடுங்கள், நித்திரை கொள்ள விடுங்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஏன் போனாய் என்ற விசாரணையை அடுத்த நாளுக்கு வையுங்கள். அடிக்கவே வேண்டாம், அடித்தால் அடுத்த முறை இன்னும் தூரம் போகும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்குக் காசு தேவையில்லை. தகவல் தந்த கூட்டாளியின் பெயரை மட்டும் எந்தக் கோபத்திலும் வாய் தவறி விட்டுவிடாதீர்கள். "அவன்தான் காட்டிக்கொடுத்தான்" என்று பாடசாலையில் பரவினால், அடுத்த பிள்ளை காணாமல்போகும்போது ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, ஊரில் பூட்டிக் கிடக்கும் உங்கள் வளவில் கிணறும் குழியும் எந்த நிலையில் இருக்கிறதென்று இந்தக் கிழமையே ஒருவரை அனுப்பிப் பாருங்கள். மூடி போடக் காசு அனுப்புங்கள், பற்றையை வெட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர் யாரென்றே தெரியாத வளவென்றால், ஊரில் இருக்கிறவர்கள் கிராம சேவகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுங்கள்.